மூன்று ஃபாரம், ஒரே கை

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக நான் நிரப்பிக் கொடுத்த ஃபாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே 'வெண்மதி ஆன்லைன் சென்டர்' என்று ஒரு கடை இருக்கும். வெண்மதி என் மகள். சென்டர் என்னுடையது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், எது வேண்டுமானாலும் வாருங்கள். சுப்புராயன் கை வைத்தால் பாஸ். கம்மாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. லால்பேட்டை பாய் ஒருவர் தன் மூன்று மகன்களின் பாஸ்போர்ட்டுக்கும் என்னிடம்தான் வந்தார். மூன்று பேரும் இப்போது துபாயில் இருக்கிறார்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

என் கடையில் ஒளிவுமறைவு கிடையாது. இரண்டு திரை வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு. இன்னொன்று தெருவைப் பார்த்து, கஸ்டமருக்கு. நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அவர்கள் வெளியே நின்றே பார்க்கலாம். போர்டில் கடைப் பேருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம்: 'கடைசி நாள் வரை காத்திருக்காதீர்!' நானே யோசித்து எழுதியது.

பக்கத்துக் கடை சார்லஸ். அவனும் ஆன்லைன் சென்டர்தான். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆனால் அவன் கடையில் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். போட்டோவை ஐம்பது கேபிக்குள் அடக்கத் தெரியாத பயல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட பெரிய மனுஷனுக்கு வீட்டில் ஒரு சிக்கல். என் மகள் என்னோடு பேசி எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது.

காரணமும் ஒரு ஃபாரம்தான்.

வெண்மதி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். விவசாயம்தான் படிப்பேன் என்றாள். ஆன்லைனில் காலேஜ்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் அவளே அழகாக எழுதிக் கொடுத்தாள். ஒன்று, கோயம்புத்தூர். அப்புறம் மதுரை, திருச்சி என்று ஏதேதோ. ஆறாவதாக, போனால் போகிறது என்று, சிதம்பரம்.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். சிதம்பரம் என்றால் பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். முதல் ஆளை அவ்வளவு தூரத்துக்கு எப்படி அனுப்புவது? என் விரல் என்னைக் கேட்காமலே சிதம்பரத்தை முதலில் போட்டுவிட்டது. "கட் ஆஃப் பத்தலம்மா" என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் அழுதாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போனாள்.

ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பொங்கல் லீவில் ஏதோ சான்றிதழ் நகல் வேண்டும் என்று கடைக்கு வந்தாள். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அவள் பேரில் இருந்த ஃபைலை அவளே எடுத்தாள். உள்ளே அவள் எழுதிய தாளும் நான் போட்ட வரிசையின் பிரிண்ட் அவுட்டும் ஒரே குண்டூசியில் இருந்தன. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. பத்திரப்படுத்துவது தொழில். அந்தத் தொழில்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அதிலிருந்து வீட்டுக்கு வந்தால் எல்லாமே மங்கலம் வழியாகத்தான். மங்கலம் என் மனைவி.

"அம்மா, அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு."

அவருக்கு! அப்பாவாக இருந்தவன் அவராகிவிட்டேன்.

ஃபோன் செய்தால் எடுக்கமாட்டாள். புதன்கிழமைதோறும் கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு, ஒரு டிபன் டப்பாவோடு சிதம்பரம் பஸ் ஏறுவேன். ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் அய்யனார் டப்பாவை வாங்கிக்கொள்வார். அவள் இறங்கி வரமாட்டாள். அடுத்த புதன் போனால் அந்த டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வரும். சாப்பிட்டிருக்கிறாள் என்பதற்கு எனக்கு அது ஒன்றுதான் ஒப்புகைச் சீட்டு.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கடையில் என் மத்தியான டப்பாவைத் திறந்தேன். வடைக்கு அடியில் ஒரு நோட்டீஸ். எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்து தெரிந்தது. 'பெற்றோருக்கும் குடும்பங்களுக்கும் ஆன்லைன் ஆலோசனை. வீட்டிலிருந்தபடியே மனம்விட்டுப் பேசலாம்.'

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. ஆலோசகர் என்றால் ஒரு அதிகாரி மாதிரி. அதிகாரி என்றால் உத்தரவு போடுவார். 'தந்தை செய்தது சரி, மகள் உடனடியாகப் பேச்சைத் தொடங்க வேண்டும்' என்று ஒரு உத்தரவு. அவ்வளவுதான் விஷயம். ஃபாரத்தைச் சரியாகப் போட்டால் உத்தரவு தானாக வரும்.

சார்லஸிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மச்சான், ஆன்லைன் கவுன்சிலிங் போடப் போறேன்."

"இப்ப இன்னா கவுன்சிலிங்? சீட்டெல்லாம் முடிஞ்சி மாசக்கணக்கு ஆவுதே?"

இவனிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

பதிவு செய்தேன். குடும்பத்தில் ஆளுக்கொரு ஃபாரமாக மூன்று வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவர்களிடம் காட்டாமல் நிரப்ப வேண்டும் என்று மேலேயே போட்டிருந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் எதற்கு மெனக்கெட வேண்டும்? மூன்று ஓடிபியும் என் ஃபோனுக்குத்தான் வருகிறது. அரை மணியில் மூன்றையும் முடித்தேன்.

என்னுடையது சுலபம். மங்கலத்தின் ஃபாரத்தில், 'உங்கள் கணவரிடம் நீங்கள் மாற்ற விரும்புவது என்ன?' என்று கேட்டிருந்தார்கள். 'பொருந்தாது' என்று போட்டேன். வெண்மதியின் ஃபாரத்தில், 'உங்கள் தந்தையைப் பற்றி மூன்று சொற்கள்'. நல்லவர், பொறுப்பானவர், எளிமையானவர். 'நீங்கள் எதற்குப் பயப்படுவீர்கள்?' இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். கரப்பான் பூச்சி என்று போட்டேன். சின்ன வயதில் கரப்பானைப் பார்த்தால் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இறக்கிவிடுவதற்குள் எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அமர்வு. மங்கலத்திடம் உண்மையைச் சொன்னால் ஊருக்கெல்லாம் வீட்டு விஷயத்தைச் சொல்வாயா என்பாள். அதனால் சின்னதாக ஒரு பொய்.

"மங்கலம், ரேஷன் கார்டுக்கு வீடியோ கேஒய்சி இருக்கு. வந்து கேமரா முன்னாடி ஒக்காரு."

"அப்பிடியா மாமா? இரு, தல சீவிட்டு வரேன்."

தலை சீவி, பூ வைத்து, ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புக், எங்கள் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு சின்னப் பெண் வந்தாள். பேர் ஸ்ரீமதி. மங்கலம் ரேஷன் கார்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"வணக்கம்மா. அதெல்லாம் வேணாம்மா. உங்க முகம் பாத்தா போதும்."

"மூஞ்ச மட்டும் பாத்து எப்பிடிம்மா அரிசி போடுவீங்க?"

ஸ்ரீமதி என்னைப் பார்த்தாள். "சார், அம்மாகிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

நான் இருமினேன்.

"சரி சார். மூணு ஃபாரமும் படிச்சேன். உங்க பொண்ணோடதுல ஒரு வரி. 'மேற்படி என் தந்தையார் செய்த காரியம் முழுக்க என் நலன் கருதியே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' பத்தொம்பது வயசுப் பொண்ணு இப்பிடி எழுதுமா?"

"நல்லா படிக்கிற பொண்ணு மேடம்."

"அம்மா ஃபாரத்துலயும் பணிவுடன் இருக்கு. ஏழு எடத்துல."

மங்கலம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "யாரு? நானா? பணிவுடனா?"

"ஒரு மரியாதைக்குத்தான்…"

"மூணு ஃபாரத்தையும் திருப்பி அனுப்பறேன் சார்" என்றாள் ஸ்ரீமதி.

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தேன். "திருப்பி அனுப்பறீங்களா? என்னுதுமா? என்னுதுல இன்னா தப்பு?"

"கடைசியா எப்ப அழுதீங்கன்னு கேட்டிருந்தேன். பொருந்தாதுன்னு போட்டிருக்கீங்க."

"அய்ய, அத நான் சொல்றேம்மா" என்றாள் மங்கலம். ரேஷன் கார்டு மடிக்குப் போய்விட்டது. "புள்ளைய ஹாஸ்டல்ல வுட்டுட்டுத் திரும்பி வரோம். ஆலப்பாக்கத்துல ஆரம்பிச்சாரு. கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிறுத்தல. கண்டக்டர் பயந்துபோயி, யாரும்மா தவறிட்டாங்கன்னு என்கிட்ட கேட்டாரு. நான் இன்னா சொல்லுவேன்? யாரும் தவறல, புள்ள காலேஜ் சேந்துருக்குன்னேன்."

"மங்கலம்!"

"இன்னா மங்கலம்? கேக்கறாங்க, சொல்றேன். கேஒய்சின்னா உண்மையச் சொல்லணும்ல?"

ஸ்ரீமதி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னிடம் நடந்ததைக் கேட்டாள். சொன்னேன். மேடம், நீங்கள் ஒரு உத்தரவு மாதிரி சொல்லிவிட்டால் போதும் என்றேன். என் வேலை அதில்லை சார் என்றாள். அடுத்த ஞாயிறு வரைக்கும் வீட்டில் யாருக்காகவும் நான் எதையும் நிரப்பக் கூடாது. வெண்மதியிடம் நானே உண்மையைச் சொல்லி, பேச வர விருப்பமா என்று கேட்க வேண்டும். வரவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. இதுதான் வீட்டுப்பாடம்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் ரிஜெக்ஷன். அதுவும் ஒரே நாளில் மூன்று. காப்பியாவது போட்டுக் குடிப்போம் என்று சமையல்கட்டுக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடினேன். டப்பாவுக்குப் பின்னால் ஒரு கட்டு. எல்லாம் அதே நோட்டீஸ். எண்ணெய் படாமல், மடிப்புக் கலையாமல், முப்பதுக்குக் குறையாது.

"மங்கலம், இது இன்னா?"

"அதுவா? எண்ணெய நல்லா உறியுது மாமா, அந்த பேப்பரு." அவள் தலையைத் திருப்பாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "டெய்லி ஒண்ணு வச்சுதான் அனுப்புவேன். பதினோரு நாளா."

"பதினோரு நாளா? நான் பாக்கவே இல்லையே."

"வடை அடியில வச்சா எப்பிடிப் பாப்ப? வடைய மட்டும் எடுத்துத் துன்னுட்டு டப்பாவ மூடிடுவ. பன்னண்டாவது நாளு வடைய அளவு கொறச்சேன். அப்பறம்தான் எழுத்து தெரிஞ்சிது உனக்கு."

நான் காப்பி போடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க வெண்மதிக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: 'பொருள்: தந்தை மகள் பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கக் கோருதல்.' அழித்தேன். அடுத்ததில் என் தரப்பு நியாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வந்தது. அதையும் அழித்தேன். உலகத்துக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவனுக்குத் தன் மகளுக்கு நாலு வரி எழுத வரவில்லை. கடைசியில் அனுப்பியது இதுதான்: 'வெண்மதி, அப்பா. உன் வரிசையை மாத்துனது நான்தான். உன்கிட்ட பொய் சொன்னதும் நான்தான். வர ஞாயிறு பத்து மணிக்கு ஒரு மேடத்தோட வீடியோவுல பேசறோம். நீ வந்தா நல்லா இருக்கும். வரலன்னாலும் பரவால்ல.'

இரண்டு டிக்கும் நீலமானது. பதில் வரவில்லை. ஒரு வாரமும் வரவில்லை. புதன்கிழமை டப்பா மட்டும் கழுவி வந்தது.

ஞாயிறு பத்து மணி. திரையில் ஸ்ரீமதி, இந்தப் பக்கம் நானும் மங்கலமும். பத்து ஐந்து. பத்து பத்து. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அப்போது மூன்றாவதாக ஒரு கட்டம் திறந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடி. கொடியில் யாருடைய துணியோ காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் என் பெண். கொஞ்சம் இளைத்திருந்தாள். சாப்பாடு போடுகிறார்களா இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். மங்கலம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஸ்ரீமதி வணக்கம் சொல்லிவிட்டு, "வெண்மதி, உங்க பேர்ல வந்த ஃபாரத்துல உங்களுக்குக் கரப்பான் பூச்சின்னா பயம்னு இருக்கு" என்றாள்.

"யாரு போட்டது?" என்றவள் தானே சொன்னாள். "தெரியுது. மேடம், எங்க விவசாயப் படிப்புல பூச்சியியல் ஒரு பாடம். என் பெட்டியில இருவத்திரண்டு பூச்சி குத்தி வச்சிருக்கேன். அதுல மூணு கரப்பான்."

எனக்கு இது தெரியாது. ஒவ்வொரு புதனும் போய் வருகிறேன், என் மகள் கரப்பானைக் கையில் பிடிக்கிறாள் என்பது தெரியாது.

"அப்ப உங்களுக்கு எதுக்கு பயம்?"

வெண்மதி கொடியில் ஆடுகிற துணியைப் பார்த்தாள். "நான் எழுதிக் குடுத்தத, எனக்குத் தெரியாம யாராவது மாத்திடுவாங்களோன்னு. இப்பல்லாம் பரிட்சை பேப்பர் குடுத்துட்டு வந்தாகூட அந்த பயம் வருது மேடம்."

ஸ்ரீமதி என்னைப் பார்த்து, "சார், நீங்க எதாவது சொல்லணுமா?" என்றாள்.

சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். தூரம், செலவு, பத்திரம், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, எல்லாம். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"பயந்துட்டேம்மா" என்றேன். "நீ தூரமாப் போயிட்டா, அப்பறம் உனக்கு நான் தேவப்படமாட்டேன்னு பயந்துட்டேன். உன் நல்லதுக்குன்னு சொன்னதெல்லாம் பொய். என் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

மூன்றாவது கட்டம் இருண்டது. நெட்வொர்க் போனதா, அவளே அணைத்தாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இனிமேல் வீட்டில் அவர்கள் கேட்டால் மட்டும் உதவி செய்யுங்கள், அவர்கள் சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்ரீமதியும் போய்விட்டாள். நான் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

"அழுவு மாமா. அடுத்த ஃபாரத்துல தேதி போடலாம்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவருக்கு வாரிசுச் சான்றுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். கஸ்டமர் நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"டோக்கன் எடுத்துக்குங்க" என்றேன், நிமிராமல்.

"அப்பா."

நான் அடித்துக்கொண்டிருந்த வாரிசுப் பட்டியலில் ஒரு வாரிசு அதிகமாகிவிட்டார். பிறகு சரிசெய்தேன்.

வெண்மதிக்குப் பின்னால் மங்கலம், கையில் கூடையோடு நின்றிருந்தாள்.

"ஒரு ஃபாரம் போடணும்பா. ரெண்டு மாசம் டிரெய்னிங். இன்னிக்கிதான் கடைசி நாள்."

எண்பத்தெட்டு நாளுக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசுகிறாள். கடையில் இருந்த ஆறு பேரையும் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். சார்லஸ் கடைக்கு நானே ஆள் அனுப்பிய நாள் அது ஒன்றுதான்.

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். பேர். பதிவு எண். பிறந்த தேதி. இரண்டிரண்டு தடவை கேட்டேன். "சொன்னேன்லப்பா" என்று சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பு காதுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வேண்டுமென்றே மூன்றாவது தடவையும் கேட்டேன். போட்டோவை நாற்பத்தொன்பது கேபிக்கு அடக்கினேன். என் மகளின் முகம் ஒரு புள்ளிகூடக் கலங்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஐந்து ஊர் பேர் இருந்தது. விருப்ப வரிசை போட வேண்டும். கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, தேனி, விருத்தாசலம்.

"எப்பிடிம்மா போடணும்?"

வெண்மதி எழுந்தாள். "நீயே போடுப்பா. நானும் அம்மாவும் எதிர்ல டீ குடிச்சிட்டு வரோம்."

போய்விட்டார்கள். கடையில் நானும் அந்த ஐந்து ஊரும்.

விருத்தாசலம் எங்கள் மாவட்டம்தான். காலையில் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் கடைக்கு வந்துவிடலாம். கேட்டால், சொன்னதை மட்டும் செய் என்றுதானே மேடம் சொன்னார், நீயே போடு என்று அவள்தானே சொன்னாள் என்பேன். அதிலும் ரெண்டே மாசம். என் விரல் போய் விருத்தாசலத்தை முதலில் போட்டது.

போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். மூலையில் அவள் போட்டோ. பரிட்சை பேப்பர் கொடுத்துவிட்டுக்கூடப் பயந்துகொண்டு வருகிற முகம். மேசை டிராயரிலிருந்து அவள் ஃபைலை எடுத்துத் திறந்தேன். அவள் பிளஸ் டூ முடித்தபோது எழுதிய அந்த வெள்ளைத் தாள், குண்டூசி துருப்பிடித்து, அங்கேயேதான் இருந்தது. 1. கோயம்புத்தூர். அந்த ஒன்றுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

விருத்தாசலத்தை எடுத்தேன். கோயம்புத்தூரை முதலில் போட்டேன். மீதியையும் அந்தத் தாளில் இருந்தபடியே போட்டு, தாளில் இல்லாத தேனியை நாலாவதாகவும், விருத்தாசலத்தைக் கடைசியாகவும் தள்ளினேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சட்டை நனைந்துவிட்டது.

இருவரும் வந்தார்கள். வெண்மதி திரையைப் பார்த்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது.

"சப்மிட் குடுப்பா."

கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது: 'இப்பதிவு எண்ணில் விண்ணப்பம் ஏற்கெனவே பெறப்பட்டுள்ளது. நேற்று, மாலை 4.12. முதல் விருப்பம்: கோயம்புத்தூர்.'

"சர்வர்ல எதோ கோளாறு" என்றேன். "இரு, மறுபடி குடுக்கறேன்."

"கோளாறு இல்ல மாமா" என்றாள் மங்கலம்.

பக்கத்துக் கடையிலிருந்து சார்லஸ் தலையை நீட்டினான். "மச்சான், போட்டோ நாப்பத்தெட்டு கேபி. பாத்துக்க!"

நான் மூவரையும் மாறிமாறிப் பார்த்தேன். "அப்ப இவ்வளவு நேரம் நான் போட்டது?"

"அது உன்னைப் பாக்கத்தாம்பா" என்றாள் வெண்மதி. கண் நிறைந்திருந்தது. "நீ இன்னா போடுவன்னு எனக்குத் தெரியணும்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தது. "மொதல்ல விருத்தாசலம்தாம்மா போட்டேன்" என்றேன். "அப்பறம்தான் மாத்துனேன்."

"தெரியும்." தெருவைப் பார்த்திருக்கிற இரண்டாவது திரையைக் காட்டினாள். "டீக்கடையிலருந்து எல்லாம் தெரிஞ்சிது. நீ விருத்தாசலம் போட்டதும் நான் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். அம்மாதான் கையப் புடிச்சி, இருடி, உங்கப்பா இன்னும் சப்மிட் குடுக்கலன்னாங்க."

அவள் என் தோளில் தலையை வைத்தாள். சின்ன வயதில் கரப்பானுக்குப் பயந்து ஏறி உட்கார்ந்த அதே தோள். கழுத்து வலித்தது. அப்படியே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ரோஷம் வந்தது. மங்கலத்தைப் பார்த்து, "ஏன் மங்கலம், நான் சரியாப் போடுவேன்னு உனக்கு நம்பிக்க இல்லையா? அதுக்காக ஒரு நாள் முன்னாடியே, அதுவும் அவன் கடையிலயா?" என்றேன்.

"நம்பிக்க நெறைய இருந்துச்சு மாமா" என்றாள் அவள், கூடையிலிருந்து என் டிபன் டப்பாவை எடுத்து வைத்தபடி. "ஆனா இன்னிக்கி கடைசி நாளாச்சே. வெளிய போயி உன் போர்டப் பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆச்சரியக்குறியோடுதான் எழுதி வைத்திருக்கிறேன்.